இரண்டே ரிங்

நான் வேலை செய்யும் முதியோர் இல்லம் அயர்லாந்தில், கடலோரமாக உள்ள ஒரு சின்ன ஊரில் இருக்கிறது. காலை ஏழரை மணிக்கு உடை மாற்றும் அறையில் நின்று என் வீட்டுக்காரருக்கு போன் போடுவேன். இரண்டு ரிங் போனதும் கட் பண்ணி, போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு டூட்டிக்குப் போய்விடுவேன். நாலு வருஷமாக இதுதான் வழக்கம். கூட வேலை செய்யும் மோரா என்ற ஐரிஷ்காரி இதைத் தினமும் கவனித்திருக்கிறாள் போல. ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்தாள். கணவனோடு ஒத்துவராத பெண்களுக்கான ஆலோசனை மையமாம். நீ தினமும் கூப்பிடுகிறாய், அந்த மனுஷன் ஒரு நாள்கூட எடுப்பதில்லையே என்று அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் எடுக்கக் கூடாதும்மா, எடுத்தால்தான் சண்டையே என்று விளக்கினேன். அதைக் கேட்டு அவள் இன்னும் பயந்துவிட்டாள்.

நம் ஊர்க்காரர்களுக்கு மிஸ்டு காலைப் பற்றி நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பேசினால் காசு போகும், ரிங் விட்டால் போகாது. அந்தக் காலத்தில் நான் பூந்தமல்லியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். தனசேகர் சென்னீர்குப்பத்தில் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தார். அப்போது எங்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை. வேலை முடிந்து பஸ் ஏறியதும் நான் இரண்டு ரிங் விடுவேன். நான் இறங்கும்போது நிறுத்தத்தில் கையெல்லாம் கிரீஸோடு, ஏதோ வேறு வேலையாக வந்தவர் மாதிரி நின்றுகொண்டிருப்பார். கல்யாணமாகி, மகள் பிறந்து, அவள் கல்லூரி விடுதிக்கும் போய்விட்டாள். இப்போது எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இலவசமாக முகம் பார்த்தே பேசலாம். ராத்திரி பேசுகிறோம்தான். ஆனாலும் காலை இரண்டு ரிங் பழக்கத்தை அவர் கைவிடவில்லை. இங்கே ஏழரை என்றால் குளிர்காலத்தில் அங்கே பகல் ஒரு மணி. ரிங் வந்த பிறகுதான் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார். நான் பத்திரமாக டூட்டிக்குப் போய்விட்டேன், இனி சாயங்காலம் வரை என்னைத் தேடக் கூடாது, இதுதான் அதன் அர்த்தம்.

இதை நான் எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால், என் புருஷனைக் கொஞ்சம் விவரம் பத்தாதவர் என்றே நினைத்திருந்தேன். வெளிநாடு வந்துவிட்டால் நமக்குத் தலைக்கு மேல் ஒரு கொம்பு முளைத்துவிடுகிறது இல்லையா? எனக்கும் முளைத்தது. இங்கே போன் மோசடி பற்றி வங்கிகள் தபாலில் எச்சரிக்கை அனுப்பும். அதையெல்லாம் படம் பிடித்து அவருக்கு அனுப்பி, யாராவது கேட்டால் ஓடிபி சொல்லிவிடாதே, லிங்க்கைத் தொடாதே என்று ராத்திரிதோறும் வகுப்பு எடுப்பேன். உம் கொட்டுவார். ஒரு நாள் அவரே ஒன்று சொன்னார். ஆவடி குவார்ட்டர்ஸில் அவரிடம் கிரைண்டர் ரிப்பேருக்குக் கொடுக்கும் ஒரு வீடு. பாக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர். போலீஸ் என்று சொன்ன எவனோ அவரை வீடியோ காலில் இரண்டு நாள் வீட்டுக்குள்ளேயே சிறை வைத்துவிட்டான். உன் பேரில் கேஸ் இருக்கிறது, போனை வைக்காதே, பக்கத்து அறையில் இருக்கும் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாதே என்று மிரட்டி, எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டான். படித்த மனிதர், அவமானத்தில் வாசலுக்கே வருவதில்லையாம். சேகர் அதைச் சொல்லிவிட்டு, இனிமேல் எந்த ஆபத்து என்றாலும் நீ முதலில் இரண்டு ரிங் விடு, பிறகு உன் நம்பருக்கு நான் கூப்பிடுகிறேன் என்றார். நான் சிரித்துவிட்டு மறந்தும் போனேன்.

போன மார்கழியில் ஒரு நாள். காலை டீ நேரத்தில் லாக்கரைத் திறந்தால் சேகரிடமிருந்து மூன்று அழைப்புகள். டூட்டி நேரத்தில் அவர் கூப்பிட்டதே கிடையாது. மகளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன். உடனே போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன், கட் பண்ணினார். இன்னொரு முறை போட்டேன், அதையும் கட் பண்ணினார். எனக்கு வந்த கோபத்துக்கும் பயத்துக்கும் அளவே இல்லை. பாவி மனுஷா, எடுத்துத் தொலையேன் என்று அந்த அறையில் தமிழில் கத்தினேன். மோரா ஓடிவந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தில், நான் அப்போதே சொன்னேனே என்ற துக்கம். அவளைப் பார்த்ததும்தான் எனக்குப் பொறி தட்டியது. மூச்சை இழுத்துக்கொண்டு போன் போட்டு, இரண்டு ரிங் போனதும் கட் பண்ணினேன். அடுத்த நொடி அவரிடமிருந்து அழைப்பு வந்தது.

"இன்னாமே, டீ குட்சியா?" என்றார்.

கடைக்கு வெளியே லாரிகள் போகிற சத்தம் கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஒன்றும் இல்லை, ராத்திரி சொல்கிறேன், நீ வேலையைப் பார் என்று வைத்துவிட்டார்.

நடந்ததைப் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கும் மும்தாஜ் அக்கா எனக்கு முழுசாகச் சொன்னார். அங்கே பகல் மூன்று மணி வாக்கில் ஒருவன் சேகரைக் கூப்பிட்டிருக்கிறான். உங்கள் மனைவி மருந்து மாற்றிக் கொடுத்ததில் நோயாளி இறந்துவிட்டார், போலீஸ் பிடித்து வைத்திருக்கிறது, வழக்கு இல்லாமல் முடிக்க வேண்டும், நான் சொல்கிறபடி செய்யுங்கள், இதோ அவரே பேசுகிறார் என்று சொல்ல, நான் அழுதிருக்கிறேன். என் குரல். ஏங்க, என்னைக் காப்பாத்துங்க, இவங்க சொல்றதைச் செய்ங்க என்று. அந்தக் குரலை அவர்களுக்குக் கொடுத்தவளும் நான்தான். பனியில் நின்று, வணக்கம் மக்களே என்று வீடியோ போடும் பைத்தியம் எனக்கு உண்டு. அதிலிருந்து கம்ப்யூட்டரில் என் குரலை அப்படியே செய்துவிட்டார்கள். ஊருக்கே எச்சரிக்கை சொன்னவள், குரலைத் தெருவில் இறைத்து வைத்திருந்தேன்.

சேகர் அந்தக் குரலிடம் அமைதியாகச் சொன்னாராம்: "அழாத மே. போன வச்சுட்டு ரெண்டு ரிங் உடு. அப்பால நான் இன்னா வேணா செய்றேன்." அந்த ஆள் குறுக்கே வந்து, நேரமில்லை, கட் பண்ணாதீர்கள், யாரிடமும் பேசாதீர்கள் என்று கத்த, இவர் கட் பண்ணிவிட்டு, என் நம்பருக்கு மூன்று முறை போட்டுப் பார்த்திருக்கிறார். அவர்கள் மறுபடி மறுபடி போன் அடித்தார்கள். ஒவ்வொரு முறையும் மணி முழுசாக அடித்து ஓய்ந்தது. இரண்டோடு ஒன்றுகூட நிற்கவில்லை. "ஒரு மணி நேரம் போன பார்த்துகினே குந்திகினு இருந்தாரு கலா. தண்ணி குடுத்தேன், தொடல" என்றார் மும்தாஜ் அக்கா. அப்புறம் நான் பதறிப்போய் போன் போட்டபோதுகூட, திரையில் என் பெயரைப் பார்த்தும் எடுக்கவில்லை. பெயரையும் திருடுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறார்.

அன்று ராத்திரி நான் சண்டைதான் போட்டேன். காதலித்த நாளிலிருந்து நான் அவரை சேகரு என்றுதான் கூப்பிடுவேன். வாழ்க்கையில் ஒரு தடவைகூட ஏங்க என்றது கிடையாது. அதை வைத்தே பொய் என்று கண்டுபிடித்திருக்க வேண்டாமா, ஒரு மணி நேரம் ஏன் அப்படித் தவித்தாய் என்று கேட்டேன்.

"கஷ்டத்துல மாட்டிகினா நீ கூட அப்டி கூப்டுவியோன்னு நெனச்சேன்" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் அந்தக் குரலைப் பொய் என்று நினைத்துக் கட் பண்ணவில்லை. நான்தான் அழுகிறேன் என்று நம்பிக்கொண்டே கட் பண்ணியிருக்கிறார். நிஜமாகவே நானாக இருந்திருந்தால் என்று கேட்டேன். நிஜமான நீயாக இருந்தால் எப்படியாவது இரண்டு ரிங் விட்டிருப்பாய், அவசரப்படுத்தி வேலை வாங்குகிறவனிடம் நான் கடையிலேயே வேலை எடுப்பதில்லை, இதில் எடுப்பேனா என்றார். அந்த ஒரு மணி நேரத்தை உட்கார்ந்து கடக்க எனக்குத் தைரியம் இருந்திருக்காது. நான் அலறி அடித்துக்கொண்டு அவன் சொன்னதையெல்லாம் செய்திருப்பேன். விவரம் பத்தாதவர் யார் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மறுநாள் மோராவிடம் கதையைச் சொன்னேன். அசந்துபோனாள். இந்தப் பாதுகாப்பு வசதியை எந்தக் கம்பெனி தருகிறது, மாதக் கட்டணம் உண்டா என்று கேட்டாள். சென்னீர்குப்பம் கம்பெனி என்றேன். பெயரை எழுதிக்கொண்டாள்.

இப்போது மூன்று வார விடுப்பில் வந்திருக்கிறேன். மெட்ரோ வேலையில் பூந்தமல்லி சாலையே தூசியாகக் கிடக்கிறது. வந்த மறுநாள் பகலில் நானே சமைத்து, சூடாகக் கடைக்கு எடுத்துப் போனேன். டப்பாவை எதிரில் வைத்தேன். தொடவில்லை. மிக்ஸி ஜாரைத் திருகிக்கொண்டே, சாப்பிடலாம் இரு என்றார். சாம்பார் ஆறுகிறது என்றேன். உம் என்றார். ஒரு மணி ஆனது. ஸ்குரூ டிரைவரை வைத்துவிட்டு, மேஜை மேலிருந்த போனையே பார்த்தார். நான் எதிரில் இரண்டடியில் உட்கார்ந்திருக்கிறேன். புடவை மறைவில் என் போனை எடுத்து, அவர் நம்பரைப் போட்டேன். இரண்டு ரிங் போனதும் கட் பண்ணினேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"டூட்டிக்குப் பூட்டா" என்று என்னிடமே சொல்லிவிட்டு, டப்பாவைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தார்.