ஒரு கட்டிங் மெஷினும் இரண்டு லேப்டாப்பும்

திருவேற்காட்டில் எங்களுக்கு ஒரு ஸ்டிக்கர் கடை இருக்கிறது. வண்டி நம்பர், ஆட்டோ கண்ணாடிக்கு வாசகம், கடை ஷட்டருக்குப் பெயர் என்று எதுவானாலும் ரேடியம் ஸ்டிக்கரில் வெட்டிக் கொடுப்போம். வெளியே போய் ஒட்டுவது என் வீட்டுக்காரர் வேலை. கடையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் எழுத்தை அமைத்து, கட்டிங் மெஷினுக்கு அனுப்பி, வெட்டி வந்ததில் வேண்டாத பகுதியை ஊசியால் உரித்து எடுப்பது என் வேலை. நான் பி.காம். கம்ப்யூட்டரில் எதை அழுத்தினால் மெஷின் வெட்டும் என்பதற்கு மேல் அன்றுவரை எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் வந்ததில்லை.

கடையில் இருந்த பழைய கம்ப்யூட்டர் சில நாளாகவே முரண்டு பிடித்துக்கொண்டிருந்ததால், என் வீட்டுக்காரர் ஒரு லேப்டாப் வாங்கி வைத்திருந்தார். மெஷினின் பழைய ஒன்பது பின் பிளக் லேப்டாப்பில் நுழையாது என்பதால், ஒரு பக்கம் ஒன்பது பின், மறுபக்கம் யூஎஸ்பி இருக்கிற கேபிள் ஒன்றையும் அம்பத்தூரில் வாங்கி வந்தார். இரண்டையும் அலமாரியில் வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தோம். ஒரு வெள்ளிக்கிழமை காலை பழைய கம்ப்யூட்டர் உயிரை விட்டது.

அன்று பார்த்து ஒரு ஷேர் ஆட்டோக்காரருக்கு ஸ்டிக்கர் வெட்ட வேண்டியிருந்தது. புது ஆட்டோ, பன்னிரண்டு மணிக்குப் பூஜை. பின் கண்ணாடிக்கு அவரே யோசித்துச் சொன்ன வாசகம்: "பொறுமையா வா, நானும் வீட்டுக்குத்தான் போறேன்." என் வீட்டுக்காரர் ஒரு பெயர்ப்பலகை வேலைக்காக ஆவடி தாண்டிப் போயிருந்தார். போனில் கேட்டதற்கு, "கேபிளை மாட்டு, தானா எடுத்துக்கும்" என்றார்.

மாட்டினேன். எடுத்துக்கொள்ளவில்லை. மறுபடி போன் செய்ததற்கு, லேப்டாப்பில் மாட்டியதை எல்லாம் பட்டியல் போட்டுக் காட்டுகிற டிவைஸ் மேனேஜரைத் திறந்து பார்க்கச் சொன்னார். பார்த்தேன். கேபிளின் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சளாய் ஒரு முக்கோணம், அதற்குள் ஆச்சரியக்குறி. கழற்றி மாட்டினேன், லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். முக்கோணம் போகவே இல்லை.

ஒன்பதரைக்கு ஆட்டோக்காரர் வந்தார். "இன்னாக்கா, ரெடியா?"

"லேப்டாப்புக்கு மெஷின் தெரியலண்ணா."

அவர் மெஷினைப் பார்த்தார், லேப்டாப்பைப் பார்த்தார். இரண்டுக்கும் இடையே ஒரு முழம்கூட இல்லை. "பக்கத்துலயே கீதேக்கா" என்றார்.

நான் மறுபடி கேபிளைக் கழற்றி மாட்டியபோது, ஸ்கூட்டர் நம்பர் ஸ்டிக்கர் வாங்க வந்து பெஞ்சில் காத்திருந்த பெண் எழுந்து வந்தாள். எதிர்த் தெரு ஃபிளாட்டில் குடியிருப்பவள், ஐடி வேலை, சொந்த ஊர் ஈரோட்டுப் பக்கம். "நான் பார்க்கட்டுங்களாக்கா?" என்று கேட்டு, முக்கோணத்தின் மேல் இரண்டு முறை தட்டிப் படித்தாள். கேபிளுக்குள் இருக்கிற சிப் ஏதோ ஒன்றைப் பார்த்துச் செய்த நகலாம். விண்டோஸில் அதை இயக்குகிற டிரைவர் என்கிற சாஃப்ட்வேர், புதுசாக வந்தது, அதை ஏற்றுக்கொள்ளாதாம். "என் சொந்த லேப்டாப்ல விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் இருக்குதுங்க. அது இந்த மாதிரி கேபிளை அவ்வளவா விசாரிக்காது. எடுத்துட்டு வரேன்" என்று போனாள்.

பத்து நிமிடத்தில் வந்துவிட்டாள். கேபிளை மாட்டிவிட்டு, கறுப்புத் திரையில் ஏதோ தட்டினாள். "வந்துருச்சுக்கா" என்று ஒரு வரியைக் காட்டினாள். விண்டோஸில் இந்த மாதிரி மெஷினுக்கு காம் த்ரீ, காம் ஃபோர் என்று நம்பர் கொடுப்பார்களாம். லினக்ஸில் டிடிஒய் யூஎஸ்பி ஜீரோ என்று ஒரு ஃபைல் போல வந்து நிற்குமாம். அந்த ஃபைலுக்குள் எதைப் போட்டாலும் நேரே மெஷினுக்குப் போய்விடுமாம்.

ஆட்டோக்காரர் கவனமாகக் கேட்டார். "ஒரே மெஷினுக்கு அந்தப் பொட்டில ஒரு பேரு, இந்தப் பொட்டில ஒரு பேரா? பரவால்ல. எங்க ஏரியாவுல எனக்கே நாலு பேரு கீது" என்றார்.

வாசகத்தை என் லேப்டாப்பில் அமைத்துப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். அவள் அனுப்பினாள். மெஷின் அசையவில்லை. திரையைப் பார்த்துவிட்டு அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "என் லேப்டாப்பே எனக்கு அனுமதி இல்லைங்குது." மெஷினை மாட்டியிருக்கிற போர்ட்டைத் தொடுவதற்குத் தனி உரிமை வேண்டுமாம். பாஸ்வேர்டு போட்டு அவளுக்கு அவளே உரிமை கொடுத்துக்கொண்டாள். மெஷினுக்கு எந்த வேகத்தில் அனுப்புவது என்று கேட்டாள். மெஷினில் இருக்கிற சின்னத் திரையில் மெனுவைத் தள்ளித் தள்ளி, ஒன்பதாயிரத்து அறுநூறு என்று படித்துச் சொன்னேன்.

இந்த முறை பிளேடு ஓடியது. "பொறுமையா" வரைக்கும் அழகாக வந்தது. அதற்குப் பிறகு ஒரு எழுத்தைப் பாதியில் விட்டுவிட்டு, குறுக்கே ஒரு கோடு இழுத்து, ஸ்டிக்கர் ரோலின் ஓரத்தில் போய் முட்டியது. மறுபடி அனுப்பினோம். மறுபடி அதே இடத்தில் பொறுமை இழந்தது.

அவள் வேகத்தைக் குறைத்துப் பார்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். எனக்கு வேறொன்று உறுத்தியது. எட்டு வருஷமாக அந்த மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். அதன் சத்தத்தை வைத்தே பிளேடு மழுங்கிவிட்டதா என்று சொல்லிவிடுவேன். "பழைய கம்ப்யூட்டர்ல நாலு எழுத்து வெட்டினதும் ஒரு நொடி நிக்கும்மா. மூச்சு வாங்குற மாதிரி. அப்புறந்தான் அடுத்தது வெட்டும். இப்ப நிக்கவே மாட்டேங்குது" என்றேன்.

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். "அக்கா, அதுதான். மெஷின்கிட்ட சின்ன ஞாபகம்தான் இருக்கும். நிரம்பினதும் கொஞ்சம் பொறுன்னு சொல்லும். அதைக் கேட்டு நிக்கணும்னு லேப்டாப்புக்குச் சொல்லாமயே நான் கொட்டவிட்டுட்டேன்." ஒரே ஒரு வரி தட்டினாள். மறுபடி அனுப்பினாள்.

நான்கு எழுத்து. நின்றது. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பிளேடு தானாக நகர்ந்து அடுத்த எழுத்தைத் தொட்டது. "போறேன்" முடிந்து பிளேடு ஓரத்துக்குத் திரும்பியபோது மணி பத்தே முக்கால்.

உரிக்கிற வேலைக்கு அவளும் உட்கார்ந்தாள். பழக்கமில்லாததால் "றே"யின் கொம்பைச் சேர்த்து உரித்துவிட்டாள். அதை மட்டும் தனியாக வெட்டிக் கொடுத்தோம். ஆட்டோக்காரர் ஸ்டிக்கரைச் சுருட்டி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "ரெண்டு பேரும் பூஜைக்கு வந்துடணும். எங்க ஊட்ல கேசரி கிளறிகினு கீறாங்க" என்றார். கடையை அரைமணி நேரம் சாத்திவிட்டுப் போனோம். ஒட்டியதும் நான்தான். குமிழ் ஒன்றுகூட விழவில்லை.

சாயங்காலம் வந்த என் வீட்டுக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். கேபிளை வாங்கியவர் என்ற முறையில் அவர் அதன் பில்லைத் தேட ஆரம்பித்தார். அடுத்த வாரம் அந்தப் பெண், ரிப்பேர் செய்து வந்த எங்கள் பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தாள். அவள் தட்டியதை எல்லாம் ஒரு நோட்டில் தமிழில் எழுதிக்கொண்டேன். விண்டோஸில் எங்கே பார்ப்பது என்பதையும் கேட்டு எதிர்ப்பக்கத்தில் எழுதினேன். உண்மையைச் சொன்னால், அந்த நோட்டை எழுதும்போது எனக்கு இருந்த சந்தோஷம் காலேஜில் எந்தப் பாடத்திலும் இருந்ததில்லை.

இந்த வருஷம் ஒரு நாள் பூந்தமல்லியிலிருந்து போன் வந்தது. ரப்பர் ஸ்டாம்பும் ஸ்டிக்கரும் செய்கிற பாய் ஒருவர். நாங்களும் ரோல் வாங்குகிற கடையில் என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். புது லேப்டாப், மெஷின் தெரிகிறது, ஆனால் சாஃப்ட்வேரில் வரவில்லை என்றார். டிவைஸ் மேனேஜரில் காம் என்ன நம்பர் காட்டுகிறது என்று கேட்டேன். "பன்னெண்டும்மா."

"சாஃப்ட்வேர்ல எது வரைக்கும் இருக்கு?"

"நாலு வரைக்கும்தான் காட்டுது."

போர்ட்டின் அட்வான்ஸ்டு செட்டிங்கில் போய் பன்னிரண்டை நான்காக மாற்றச் சொன்னேன். போனில் மவுஸ் சத்தம் கேட்டது. பிறகு, "வெட்டுதும்மா" என்றார். "நீங்க எந்தக் கம்பெனியில இன்ஜினியரா இருக்கீங்க?"

கடையில்தான் இருக்கேன் பாய் என்றேன். அவர் நம்பினாரா தெரியவில்லை.