மகன் கேட்ட துப்பாக்கி

ஆவடியில் மின்சார ரயில் ஏறியவர், நரைத்த மீசையை நீவியபடி தன் போனை என்னிடம் நீட்டினார்.

"பையன் அமெரிக்கால கீறான் சார். வேட்டைக்குப் போறானாம். மானுக்கும், எல்க்குன்னு பெரிய மானுக்கும் சேத்து ஒரே துப்பாக்கி வாங்கணுமாம். எந்தத் தோட்டா சைஸ்னு என்னைக் கேக்குறான். நெட்ல பாத்து சொல்லுங்க."

"நீங்க மிலிட்டரியா?"

"மிலிட்டரிதான். ஆனா சமையல்ல இருந்தேன். அவன்கிட்ட வேற மாரி சொல்லிகினு வந்துட்டேன்," என்றார், என்னைப் பார்க்காமல்.

தேடிப் பார்த்து, இரண்டுக்கும் தர்ட்டி நாட் சிக்ஸ் என்ற தோட்டா போதும் என்றேன். அதையே மிடுக்கான குரலில் பதிவுசெய்து மகனுக்கு அனுப்பினார். உடனே பதில் வந்தது.

"உனக்குத் தெரியாததாப்பா? எங்கப்பா சொன்னாருன்னு ஃப்ரெண்ட்ஸ்கிட்ட சொல்லிட்டேன்."

அவர் தலை குனிந்தது.

"அத்தினி பேருக்கு சோறு போட்டேன் சார். அத்த சொல்ல இன்னா வெக்கம் எனக்கு?"

திருநின்றவூரில் இறங்கிப் போனார். மகனிடம் உண்மையைச் சொல்லியிருப்பாரா என்று அந்த ரயிலில் போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.