ஹைக்ரோமீட்டரின் தண்ணீர்க் குப்பி

தலவாக்கலை ரோட்டில் துணி மூட்டையோடு நடந்துகொண்டிருந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசி, இலங்கை மலையகம். யாரும் என்னை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. கூட வேலை செய்த அந்தோணியின் முகத்தைப் பார்க்க முடியாமல் நானாகப் புறப்பட்டேன்.

தேயிலை பெக்டரியில் கொழுந்து புளிக்கும் அறை இரண்டு வருடமாக என் பொறுப்பு. சுவரில் ஹைக்ரோமீட்டர் தொங்கும். இரண்டு பாதரசக் குழாய். ஒன்றின் அடியில் துணித்திரி, அது நனைய ஒரு தண்ணீர்க் குப்பி. காற்று காய்ந்தால் நனைந்த குழாயின் அளவு இறங்கும். உடனே தரையில் தண்ணீர் தெளிப்பேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு அது போதும். தேயிலைப் பக்குவம் பார்க்கும் டீமேக்கருக்கு ஓர் உதவியாள் எடுக்கப்போவதாகப் பேச்சு. எனக்குத்தான் என்றிருந்தேன்.

அந்தோணி கோயில் சாமியாராகக் கிரேக்கம், லத்தீன் எல்லாம் படிக்கப் போய்ப் பாதியில் திரும்பியவன். வேலைக்கு வந்து மூன்று மாதம். ஒரு நாள் தோட்டத்தின் வெள்ளைக்காரப் பெரிய துரை வந்து அந்தக் கருவியைப் பிரம்பால் காட்டினார்.

“இது பேர் என்ன அர்த்தம்? யார் தெரியும்?”

நான் குனிந்து திரியைச் சரிசெய்தேன்.

“கிரேக்கச் சொல்லுங்க தொர,” என்றான் அந்தோணி. “ஹைக்ரோஸ்னா ஈரம். மெட்ரோன்னா அளவு. ஈரத்த அளக்கிறதுங்க.”

துரை அவன் தோளில் தட்டினார். இரண்டு வருடத்தில் என் பெயரைக்கூட அவர் கேட்டதில்லை. அந்த வாரமே உதவியாள் வேலை அவனுக்குப் போனது. இனி அளவு பார்ப்பது அவன், குப்பி நிரப்புவது நான்.

ஒரு காலையில் குப்பியைக் கவிழ்த்துத் திரியை ஒட்டப் பிழிந்துவிட்டேன். திரி காய்ந்தால் இரண்டு குழாயும் ஒரே அளவு காட்டும். அறை ஈரமாக இருக்கிறதென்று நம்பித் தண்ணீர் தெளிக்காமல் விடுவான், கொழுந்து கெடும், வேலை போகும்.

அந்தோணி வந்து பார்த்தான். “மாசி வெயில்ல ரெண்டும் ஒண்ணா காட்டுதே?” திரியைத் தொட்டான். பிறகு என்னைப் பார்த்தான். “ஈரத்த அளக்கிறதுலயே ஈரம் இல்லியே, மச்சான்.”

அதற்குள் டீமேக்கர் ஐயா வந்துவிட்டார். “என்னடா அங்க?”

“திரி காஞ்சிருச்சுங்கய்யா. நான்தான் பாக்காம விட்டுட்டேன்,” என்றான் அந்தோணி.

“கிரேக்கம் தெரியுது, தண்ணி ஊத்தத் தெரியலையோ!”

அவன் திட்டு வாங்கியது எனக்கு இனித்திருக்க வேண்டும். இனிக்கவில்லை. அவன் படிப்பின்மேல் இருந்த பொறாமை அன்று அவன் குணத்தின்மேலும் ஏறிக்கொண்டது. அன்று மாலையே மூட்டை கட்டினேன்.

மறுநாள் காலை அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு பெக்டரியில் வேலை கேட்டு நின்றேன். அங்கிருந்த டீமேக்கர் சுவரில் தொங்கிய ஹைக்ரோமீட்டரைக் காட்டினார். “இது என்னன்னு தெரியுமா?”

“ஹைக்ரோஸ்னா ஈரம், மெட்ரோன்னா அளவுங்க.”

“அட! எங்கப்பா படிச்ச?”

அந்தோணியின் பெயரைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கூட வேலை செய்கிறவனுக்குத் தெரிந்ததைக் கேட்டுக்கொள்ளுங்கள், தம்பிமாரே. பொறாமையில் எரிந்ததில் எனக்கு ஒரு வேலை போனது. அவனுடைய இரண்டு சொல்லில்தான் அடுத்தது கிடைத்தது.

அன்று அந்தப் புது பெக்டரியில் வேலைக்கு நின்றதும் முதலில் குப்பியைப் பார்த்தேன். பாதிதான் இருந்தது. நிரப்பினேன்.