சிலிப்பர் போட்ட டிரம்பெட்

என் தங்கைக்கு இரண்டாவது கல்யாணம் நிச்சயமானதும், லாபிஸில் இருக்கும் பெரியம்மா முதல் ஆளாகப் போன் செய்தார். கோயிலில் வைத்துச் சத்தமில்லாமல் தாலியைக் கட்டி முடித்துவிடலாம் என்றார். இரண்டாவதுக்கு மண்டபம் எதற்கு, மேளம் எதற்கு, நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்பது அவர் கவலை. அந்த நாலு பேரில் மூன்று பேர் பெரியம்மாவேதான் என்று நான் சொல்லவில்லை, நினைத்துக்கொண்டேன்.

விஷயம் காதுக்கு எட்டியதும் தங்கை நேராக மாசாயில் என் வீட்டுக்கு வந்துவிட்டாள். சிங்கப்பூரில் வேலை முடிந்து மோட்டாரில் வந்தவள், தலைக்கவசத்தைக்கூடக் கழற்றவில்லை.

“நான் என்ன திருடிட்டா வரேன், பதுங்கிப் பதுங்கிப் போறதுக்கு? சத்தமா வரணும்க்கா. நீ டிரம்பெட் ஊது, நான் நடந்து வரேன்.”

நான் பள்ளிக்கூடப் பேண்டுக் குழுவில் டிரம்பெட் வாசித்தவள். இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊதுவேன், பக்கத்து வீட்டு நாய் கூடவே பாடும். ஆனால் மூச்சு பழைய மூச்சு இல்லை. மண்டப வாசலிலிருந்து மணவறை வரை அவள் நடந்து முடிக்கும் முன் என் சத்தம் நின்றுபோனால், உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் ஐயோ பாவம் என்று அவளைப் பார்ப்பார்கள். அவளுக்கு ஆகவே ஆகாதது அந்தப் பார்வைதான்.

என் வீட்டுக்காரர் பாசிர் கூடாங்கில் ஓர் எண்ணெய் ஆலையில் வால்வு பழுதுபார்ப்பவர். வால்வு என்ற சொல் காதில் விழுந்தால் சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்து வந்துவிடுவார். எனக்கு மூச்சு பற்றவில்லை என்று புலம்பினேன். குறை என்னிடம் இல்லை, டிசைனில் இருக்கிறது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து குறை என்னிடம் இல்லை என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. மயங்கிப்போய் டிரம்பெட்டைத் தூக்கிக் கொடுத்துவிட்டேன்.

சாப்பாட்டு மேசையில் பழைய பேப்பரை விரித்து, வால்வுகளைக் கழற்றி வரிசையாகப் படுக்க வைத்தார். டிரம்பெட்டில் விரலால் அழுத்துகிறோமே, அதுதான் வால்வு. குறுக்கே ஓட்டைகள் போட்ட ஓர் உருளை. அழுத்தினால் அந்த ஓட்டை இறங்கிப் பக்கத்துக் குழாயின் வாய்க்கு நேராக நிற்கவேண்டும், காற்று அந்த வழியே சுற்றிப் போகும். இவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். ஓட்டைக்குள் ஒரு பக்கம் மேடு தட்டியிருந்தது. போதாததற்கு, அழுத்தும்போது தாங்கி நிறுத்துகிற கம்பளி வளையங்கள் தேய்ந்து, ஓட்டை நேராக நிற்காமல் தாண்டிப்போய்விட்டது. காற்றுக்குப் பாதி வாசல்தான் திறந்திருக்கிறது, ஆலையில் இப்படி ஒரு வால்வு மாட்டினால் சூப்பர்வைசர் இவரையே எண்ணெயில் போட்டுப் பொரித்துவிடுவார் என்றார்.

மேட்டை மெல்ல மெல்லத் தேய்த்து வழவழப்பாக்கினார். வளையத்துக்கு என் பச்சை சிலிப்பரை எடுத்து வெட்டினார். உங்கள் சிலிப்பருக்கு என்ன கேடு என்று கேட்டேன். அது மெத்தென்று இருக்கிறதாம், என்னுடையதில்தான் சரியான கெட்டி இருக்கிறதாம். என் சிலிப்பரைச் சொன்னாரா என்னைச் சொன்னாரா என்று இன்றுவரை தெரியவில்லை. வேலை முடிந்து வந்து தினமும் மாட்டுவார், ஊதிப் பார்ப்பார், கழற்றுவார், ரப்பரை இன்னும் கொஞ்சம் சீவுவார். பழுதுபார்க்கிற வால்வை வேறு யாரும் தொடக்கூடாது என்பது ஆலை விதி. அதனால் டிரம்பெட்டின் கழுத்தில் சிவப்பு அட்டை வேறு தொங்கியது: ‘ஜாங்கான் உசிக்’, தொடாதே என்று. என் டிரம்பெட், என் சிலிப்பர், நான் தொடக்கூடாதாம்! அந்த அட்டையை அவர் கழுத்திலேயே மாட்டிவிடலாமா என்று இருந்தது.

ஆனால் உள்ளதைச் சொல்லவேண்டும். அவர் கையில் கொடுத்து ஊதிப் பார் என்றபோது காற்று தடையே இல்லாமல் ஓடியது. ஊதிக்கொண்டே கூடத்திலிருந்து அடுப்படிக்குப் போய்த் திரும்பி வந்தேன், மூச்சு மிச்சம் இருந்தது. அன்றைக்கு அவருக்கு நண்டு சம்பால் செய்துபோட்டேன்.

கல்யாணத்தன்று காலை நான் சேலையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கசிவுச் சோதனை செய்யாமல் வால்வை ஒப்படைப்பது வழக்கமில்லை என்று சொல்லிக்கொண்டே அவர் டிரம்பெட்டோடு குளியலறைக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் ‘சோதனை பாஸ்’ என்று குரல் வந்தது. நானும் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் காரில் ஏறிவிட்டேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. வாசலில் தங்கை தலை நிமிர்ந்து நின்றாள். கண்ணைக் காட்டினாள். ஊதினேன்.

களக் புளக் என்றது. வயிற்று வலிக்காரன் மாதிரி ஒரு சத்தம். பதறிப்போய் இன்னும் பலமாக ஊதினேன். டிரம்பெட்டின் வாயில் நுரை பொங்கியது. பிறகு குமிழிகள் வந்தன, பெரிதும் சிறிதுமாக. காற்றாடிக் காற்றில் மண்டபம் முழுக்கப் பறந்தன. எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஆலையில் இணைப்புகளுக்கு மேலே சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வந்தால் கசிவு என்று கண்டுபிடிப்பார்கள். இந்த மகானுபாவர் சொந்தபந்தத்து வேலை ஆயிற்றே என்று கூடுதல் அக்கறையில் உள்ளேயும் ஊற்றிக் குலுக்கியிருக்கிறார்.

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு மண்டபமே சிரித்தது. யாரும் பரிதாபப்படாமல் நடக்கவேண்டும் என்று ஆசைப்பட்டவளை ஊர் சிரிக்க வைத்துவிட்டேனே என்று டிரம்பெட்டை இறக்கிவிட்டேன். என் வீட்டுக்காரரோ கதவருகே நின்று, வால்வுப் பக்கம் ஒரு குமிழிகூட வரவில்லை என்று திருப்தியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தங்கை என் பக்கம் திரும்பினாள்.

“நிறுத்தாதக்கா. ஊது.”

ஊதினேன். சோப்பெல்லாம் வெளியேறி, அடைப்பு விட்டு, சத்தம் கணீரென்று கிளம்பியது. அவள் அவசரமே படாமல் நடந்தாள். எட்டியதையெல்லாம் விரலால் குத்தி உடைத்துக்கொண்டு வந்தாள். பெரியம்மாவின் கொண்டையில் ஒன்று போய் உட்கார்ந்து வெடித்தது, பெரியம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. தங்கை மணவறையில் கால் வைக்கும்வரை எனக்கு மூச்சு நிற்கவில்லை.

தாலி கட்டி முடிந்து அட்சதை போடும்போது அவள் காதருகே குனிந்து, மன்னிச்சுக்கடி, எல்லாரையும் சிரிக்க வெச்சுட்டேன் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“போன கல்யாணத்துல ஒருத்தர்கூடச் சிரிக்கலக்கா. போட்டோவ எடுத்துப் பாரு, நான்கூடச் சிரிச்சிருக்க மாட்டேன்.”

அதைச் சொல்லும்போது அவள் கண்மை கொஞ்சம்கூடக் கலையவில்லை. என்னுடையதுதான் கன்னம் வரைக்கும் இறங்கியிருந்தது.