நல்லெண்ணெய் பட்ட பிறேக்

கதிர்காமத்தம்பிக்கு மனிதர்களோடு பேசுவதென்றால் வேப்பங்காய். இயந்திரம் என்றால் மட்டும் நாள் முழுக்கக் குந்தியிருந்து காது கொடுப்பார். மண்டூரில் பிறந்தவர். யுத்தகாலத்தில் விமானத்தள வேலைக்குப் போய், வெள்ளைக்காரச் சிப்பாய்களிடம் ஏச்சு வாங்கி வாங்கியே புல்டோசர் திருத்தப் பழகினார். யுத்தம் முடிந்து அந்தப் புல்டோசர்களில் ஒன்று குளக்கட்டு வேலைக்கு வந்தபோது, அதோடு சேர்ந்து அவரும் வந்துவிட்டார். மருந்துக்கும் சிரிக்காத ஆள்தான். ஆனால் அவர் கை வைத்தால் மிசின் ஓடும் என்பதில் யாருக்கும் இரண்டாம் பேச்சில்லை.

நாற்பத்தாறாம் ஆண்டு புரட்டாதியில் அந்த விபத்து நடந்தது. மாரிமழைக்கு முன் உடைந்த குளக்கட்டை அடைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் கீழேயுள்ள வட்டை முழுவதும், அத்தனை வயலும், வெள்ளத்தோடு போய்விடும் என்று எல்லாரும் பறந்துகொண்டிருந்த நேரம். உயர்த்தி நிறுத்தியிருந்த புல்டோசரின் முன்தட்டு சொல்லாமல் கொள்ளாமல் கீழே இறங்கியது. தட்டில் சிக்கிய வேரை இழுத்துக்கொண்டிருந்த கூலியாள் சீனித்தம்பியின் வலது கால், முழங்காலுக்குக் கீழே நசுங்கிப் போனது.

சாரதி ஏறாவூர் மீராசாஹிப் தலையிலடித்துக்கொண்டு அழுதான்.

“அல்லா மேல சத்தியமா, நான் லீவரைத் தொடவே இல்ல, கதிர்காமண்ணன்!”

வேலையை மேற்பார்த்த ஓவசியர் நம்பவில்லை. “கை தவறினத மறைக்கிறான். வெள்ளிக்கிழமை இஞ்சினியர் துரை வாறார். மறுகா விசயம் பொலிசுக்குத்தான் போகும்” என்றார். வேலை போவது மட்டுமல்ல, மீராசாஹிப் மறியலுக்குப் போய்க் கம்பி எண்ணவும் வேண்டி வரும். அவனுக்கு நாலு பெண்பிள்ளைகள்.

கதிர்காமத்தம்பி ஸ்பானரை எடுத்தார். முதலில் லீவர், அதன் முளைகள், லீவரிலிருந்து பின்னால் போகும் கம்பி. எல்லாம் ஒழுங்கு. தட்டைத் தூக்கும் கம்பிக்கயிறு, அது ஓடும் கப்பிகள். அவையும் ஒழுங்கு. பிறகு எஞ்சினை இயக்கி, தட்டை மேலே உயர்த்தி, லீவரை நடுவில் வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டு, எல்லாரையும் தூரப் போகச் சொன்னார். தட்டு கொஞ்ச நேரம் நின்றது. பிறகு விரற்கடை விரற்கடையாக வழுகி, கடைசியில் தடாலென்று விழுந்தது.

“பாத்தீங்களா ஓவசியர்? ஆராவது தொட்டதா?”

கயிறு சுற்றும் உருளை, சாரதியின் இருக்கைக்குப் பின்னால், மேல்மூடியில் இடுக்கு விட்ட ஒரு பெட்டிக்குள் இருந்தது. அதைப் பிடித்து நிறுத்தும் பிறேக் பட்டி உலர்ந்தே இருக்க வேண்டும். பெட்டியைத் திறந்தால் பட்டி நனைந்து மினுங்குகிறது! விரலால் தொட்டு மணந்து பார்த்தவர் திகைத்துப் போனார். நல்லெண்ணெய்! பிறேக்குக்கு நல்லெண்ணெய் விட்ட விசரன் யார்?

வெள்ளைக் காற்சட்டையில் அழுக்குப் படுமென்று எட்டவே நின்ற ஓவசியர், “என்ன கா?” என்று கத்தினார்.

“பிறேக்கில எண்ணெய் பட்டிருக்கு.”

“அப்ப மீராசாஹிப்தான். காலையில மிசினுக்கு எண்ணெய் விடுறவன் அவன்தானே!”

போச்சு! காப்பாற்றப் போய், அந்த மனிதனை இன்னும் ஆழத்தில் தள்ளியாயிற்று.

மறுநாள் கதிர்காமத்தம்பி ஓடத்தில் வாவியைக் கடந்து, பஸ் பிடித்து, மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குப் போனார். விபத்தன்று காலையில் யாராவது மிசினுக்குப் பக்கத்தில் போனதைச் சீனித்தம்பி கண்டானா என்று கேட்க வேண்டும். சீனித்தம்பி மயக்கத்தில் கிடந்தான். காலை எடுத்துவிட்டார்கள். பக்கத்தில் அவன் மனைவி அன்னப்பூரணி அழுது அழுது முகம் வீங்கிப்போய் இருந்தாள்.

“அண்டைக்கு ஆயுத பூசை, அண்ணன். விடியவே மம்பட்டிக்கு எண்ணெய் வச்சுக் கும்பிட்டார். ‘நமக்குச் சோறு போடுறது அந்த மிசினும்தானே’ எண்டு மிச்ச எண்ணெயக் கொண்டுபோய் அதுக்கும் ஊத்திக் கும்பிட்டுட்டுத்தான் வேலைக்கு இறங்கின மனிசன். அவருக்கா இப்பிடி? சாமிக்குக் கண்ணில்லையா?”

பிறேக்குக்கு நல்லெண்ணெய் வந்த வழி கதிர்காமத்தம்பிக்கு விளங்கிவிட்டது. வாய்வரை வந்த சொல்லை விழுங்கிக்கொண்டார். சொன்னால் மீராசாஹிப் தப்புவான். ஆனால் தன் கையால் தேடிக்கொண்டது என்று சீனித்தம்பியின் நட்டஈட்டை நிறுத்திவிடுவார்கள். அதுகூடப் பெரிதில்லை. கும்பிட்ட கையே காலைத் தின்றது என்று தெரிந்தபின் அந்த மனிதன் எப்படி உயிரோடு இருப்பான்? ஐயோ, யாருக்கும் வரக்கூடாத இக்கட்டு!

வெள்ளிக்கிழமை விடியமுன் பிறேக் பட்டியைக் கழற்றி, நல்லெண்ணெய் வாடையே இல்லாமல் பெற்றோலில் கழுவிக் காயவைத்துப் பூட்டினார். தட்டு உயர்த்திய இடத்திலேயே அசையாமல் நின்றது.

இஞ்சினியர் வந்து, “பிறேக்கில எண்ணெய் விட்டது யார்?” என்று கேட்டார்.

“நான்தான், துரை. முதல் நாள் பின்னேரம் எஞ்சின் ஒயில் விடக்குள்ள கவனமில்லாம பெட்டிக்குள்ள சிந்திப் போட்டன். மீராசாஹிப்புக்கு இது ஒண்டும் தெரியாது.”

பொய். பச்சைப் பொய். அத்தனை வருஷத்தில் ஒரு சொட்டு ஒயில் கண்ட இடத்தில் சிந்தியறியாத மனிதர் அவர். அன்றைக்கே வேலையிலிருந்து நிறுத்தினார்கள். சீனித்தம்பிக்கு நட்டஈடு எழுதினார்கள். மீராசாஹிப் மறுபடி இருக்கையில் ஏறினான். ஏறுமுன் அருகில் வந்து, “நாலு நாளா என்னக் கள்ளன்போல நிக்க வச்சிட்டுப் பாத்துக்கிட்டு இருந்தீங்களே, உங்கள மனிசன் எண்டு நம்பினனே!” என்றான். அதன்பின் அவரோடு பேசவில்லை. மழைக்கு முன் கட்டு அடைபட்டது. வட்டையில் விதைத்தார்கள். கதிர்காமத்தம்பி மண்டூர்ச் சந்தியில் சைக்கிள் திருத்திக்கொண்டிருந்தார்.

தைமாதத்தில் ஒருநாள் அன்னப்பூரணி அவர் வீட்டு வாசலுக்கு வந்தாள். தெரு மண்ணை இரண்டு கையாலும் அள்ளி, “என்ர புருசன்ர காலத் திண்டவனே, நீ நாசமாப் போவாய்!” என்று கத்தி முற்றத்தில் எறிந்தாள். அவர் படலையடியில் தலைகுனிந்து நின்றார். மண் அவர் நெஞ்சிலும் பட்டது. உள்ளேயிருந்து ஓடிவந்த மனைவி சீதேவிப்பிள்ளை கொதித்துப் போய்ப் படலையைத் திறக்கப் போனாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“விடு புள்ள. மண்ணள்ளி எறிய அவளுக்கு ஆரும் ஒராள் வேணும். அது நானா இருந்திட்டுப் போறன்.”