ஜாக்கியின் சனிக்கிழமைச் சாப்பாடு

நாய்ச் சாப்பாடு விற்கிற கடைக்காரர்களுக்கு என்னைக் கண்டால் ஆகாது. காரைக்காலில் இப்போது அப்படி மூன்று நான்கு கடைகள் வந்துவிட்டன. பையின் முன்பக்கத்தில் முழுக்கோழியும் கேரட்டும் பளபளவென்று இருக்கும். நான் அந்தப் பக்கம் பார்ப்பதே இல்லை. பையைத் திருப்பிப் போட்டு, பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் சேர்மானங்களை விரலை வைத்துப் படிப்பேன். முதலில் எழுதியிருப்பது கறியா, மக்காச்சோளமா? உப்பு எவ்வளவு? எந்தத் தேதிக்குள் தீர்க்க வேண்டும்? பிரித்து எடைபோட்டுத் தருகிற சாப்பாடாக இருந்தால் முகர்ந்தும் பார்ப்பேன். "எல்லாரும் இதத்தாங்க வாங்கிட்டுப் போறாங்க" என்பார் கடைக்காரர். எல்லாரும் வாங்கினால் நல்லதாகிவிடுமா? எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அங்கேயே நின்று சண்டை போட்டுவிட்டுத்தான் வருவேன்.

இந்தக் கோபம் சின்ன வயதிலேயே என்னைப் பிடித்துக்கொண்டது. திருநள்ளாற்றில் என் மாமா, அம்மாவின் தம்பி, குளத்துக்குப் போகிற வழியில் ஒரு கடை வைத்திருந்தார். நல்லெண்ணெய்ப் பொட்டலம், எள் முடிச்சு, அகல் விளக்கு, கறுப்புத் துணி, குளித்தபின் மாற்றிக்கொள்ள மலிவான வேட்டி துண்டு எல்லாம் கிடைக்கும். கடைக்குப் பின்னால் எங்கள் வீடு. அப்பா வெளிநாட்டில் இருந்தார், ஆகவே வீட்டில் மாமா வைத்ததுதான் சட்டம்.

எனக்குப் பத்து வயதாகும்போது குரும்பகரத்தில் பெரியம்மா வீட்டிலிருந்து ஒரு நாய்க்குட்டியைத் தூக்கி வந்தேன். ஜாக்கி என்று பெயர் வைத்தேன். அவனிடம் ஒரே ஒரு குறைதான். உச்சி முதல் வால் நுனி வரை ஒரு வெள்ளை முடிகூட இல்லாத அட்டைக்கறுப்பு.

வேறு ஊரில் இது குறையே இல்லை. எங்கள் ஊரில் சனிக்கிழமை வந்தால் பேருந்து பேருந்தாக ஜனங்கள் வந்து இறங்குவார்கள். சனி பிடித்தவர்கள், பிடிக்கப்போகிறது என்று பயந்தவர்கள், விட்டுப் போயும் நம்பிக்கை வராதவர்கள். அதில் பாதிப் பேரிடம் அவரவர் ஊர் ஜோசியர் கறுப்பு நாய்க்குச் சாப்பாடு வைக்கச் சொல்லி அனுப்பியிருப்பார். தெருவில் செம்பட்டை நாய், புள்ளி போட்ட நாய் எல்லாம் பசியோடு நிற்கும். அவற்றை ஒருவரும் ஏறிட்டுப் பார்க்க மாட்டார்கள். எங்கள் ஜாக்கியைச் சுற்றி மட்டும் வரிசை நிற்கும். எண்ணெய் சொட்டச் சொட்ட எள்ளுச் சாதம், தயிர் சாதம், பூந்தி, கிரீம் பிஸ்கட், நெய்யில் முக்கிய சப்பாத்தி. ஒருத்தர் பாதி தின்ற ஐஸ்கிரீமை நீட்டினார். ஜோசியர் அதையுமா சொன்னார்?

மாமா சும்மா இருந்தாரா? கடை வாசல் கம்பத்தில் ஜாக்கியைக் கட்டி, பக்கத்தில் பிஸ்கட் பாட்டிலை வைத்தார். "வாங்கம்மா, வாங்க சார், சுத்தக் கறுப்பு, ஒரு மச்சம் கிடையாது" என்று கூவுவார். என் நாயைத்தான்! என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மாவிடம் முறையிட்டால், "நாலு பேரு பாவம் போவுதுல்ல, நாயி ரெண்டு பிஸ்கட் தின்னா என்னா கொறஞ்சிடும்?" என்றார். பாவம் அவர்களை விட்டுப் போய் நேராக ஜாக்கியின் வயிற்றுக்குள் இறங்குவதாகத்தான் எனக்குத் தோன்றியது.

தோன்றியபடியே நடந்தது. ஞாயிறு முழுக்க வாந்தி. திங்கள் செவ்வாய் ஒன்றும் தின்ன மாட்டான். புதன்கிழமை கொஞ்சம் தெளிவான். சனிக்கிழமை மறுபடி வரிசை. முதுகில் முடி கொட்டித் தோல் தெரிந்தது. ஒரு நாள் முதுகைக் கூனிக்கொண்டு முனகவே, அம்மாவுக்கே பயம் வந்து ஆட்டோ பிடித்தார். காரைக்காலில் கால்நடை டாக்டரம்மா அவன் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். நான் வரிசையாகச் சொல்லச் சொல்ல அவர் முகம் கடுத்துக்கொண்டே வந்தது.

"கணையம் வீங்கிப் போச்சு. எண்ணெய், இனிப்பு, உப்பு மூணும் இவனுக்கு விஷம். இன்னும் ரெண்டு மாசம் இப்படியே போனா நாய் தங்காதும்மா" என்றார்.

பிறகு என்னைப் பார்த்துத்தான் பேசினார். அது எனக்குப் பெருமையாக இருந்தது. குழைய வேகவைத்த சோறு, உப்பில்லாமல். அவித்த முட்டையின் வெள்ளைக்கரு. கடையில் வாங்கினால் முதல் சேர்மானம் கறியாக இருக்கிற பை. வயதுக்கும் எடைக்கும் எவ்வளவு என்று பையிலேயே போட்டிருக்கும், அதற்கு மேல் ஒரு கை கூடாது. புதுச் சாப்பாட்டை ஒரே நாளில் மாற்றாமல் ஒரு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்க வேண்டும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் வாசனைகூடக் காட்டக் கூடாது. மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். வாய்ப்பாடு மனப்பாடம் ஆகாத எனக்கு அது ஒரே மாலையில் மனப்பாடம் ஆனது.

வீட்டில் முதல் தடங்கல் முட்டை. நாங்கள் சுத்த சைவம். "கடையில எண்ணெயும் எள்ளும் விக்கிறவன் வீட்டுல முட்டை வேவுதுன்னா எவன் வாங்குவான்?" என்று மாமா குதித்தார். வாசலில் கட்டுவதையும் அவர் விடவில்லை. "அவ்வளவு தூரத்துலேருந்து வர்றவங்க மனசு நோவக் கூடாதுடி" என்றார். ஜாக்கியின் வயிறு நோகலாமாம்.

நான் அட்டையில் 'நாய்க்கு உடம்பு சரியில்லை, தின்பண்டம் கொடுக்காதீர்கள்' என்று எழுதி அவன் கழுத்தில் மாட்டினேன். வந்தவர்களில் பாதிப் பேர் ஆந்திரா, கர்நாடகா. மீதிப் பேர் அதை வேண்டுதல் சீட்டு என்று நினைத்து அதன் மேல் குங்குமம் வைத்துவிட்டுப் போனார்கள். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. கறுப்பாக இருப்பதால்தானே வருகிறார்கள், கறுப்பே இல்லாமல் செய்துவிட்டால்? மறு சனிக்கிழமை காலையில் அம்மாவின் பவுடர் டப்பாவைக் காலி செய்தேன். ஜாக்கி ஒரு உதறு உதறினான், பவுடர் முழுக்க என் மேல். சமையல்கட்டிலிருந்து மஞ்சள் தூளை எடுத்துக் கெட்டியாகக் குழைத்துத் தலை முதல் வால் வரை அப்பினேன். பங்குனி வெயிலில் பத்து நிமிடத்தில் காய்ந்து ஒட்டிக்கொண்டது. அடையாளமே தெரியாத ஒரு மஞ்சள் நாய். எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம்.

முதல் பேருந்திலிருந்து இறங்கிய ஒரு அம்மாள் அவனைப் பார்த்ததும் கையிலிருந்த பையைக் கீழே போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பைரவருக்கு மஞ்சக்காப்பு சாத்தியிருக்காங்க!" அவ்வளவுதான். தெருவே திரண்டது. விழுந்து கும்பிட்டார்கள். சூடம் காட்டினார்கள். போட்டோ எடுத்து அனுப்ப, குளத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் ஈரத்தோடு ஓடி வந்தார்கள். சர்க்கரைப் பொங்கல், லட்டு, நெய் ஒழுகும் அல்வா. நான் நடுவில் நின்று "குடுக்காதீங்க, அவன் செத்துருவான்" என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஒருவர் என் கையில் ஒரு லட்டை வைத்து, நல்லா இரு பாப்பா என்று வாழ்த்தினார். அந்த லட்டைச் சுவரில் எறிந்தேன். மாமாவோ ஒரு மணி நேரத்தில் பிஸ்கட் பாட்டில் காலியான பூரிப்பில், "என் மருமவ மூளையே மூளை" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் ஜாக்கியால் எழுந்திருக்க முடியவில்லை. கண் திறந்திருந்தது, நான் கூப்பிட்டால் வால்கூட அசையவில்லை. அவனை அந்தக் கோலத்தில் பார்த்து மாமாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அவரே துண்டில் சுருட்டி வண்டியில் வைத்துக்கொண்டு பறந்தார். மூன்று நாள் மருந்து ஏற்றிய பிறகு, இனி ஒரு தடவை இப்படி வந்தால் என்னிடம் கொண்டு வராதீர்கள் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார்.

மாமா திருந்தினார். அவர் பாணியில் திருந்தினார். டாக்டரம்மா காட்டிய பையை, கண்ணுக்குக் கறி தெரியவில்லை என்ற தைரியத்தில் வாங்கி வந்து, ஜாக்கிக்குப் போக மீதியைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி, 'டாக்டர் அங்கீகரித்த பரிகார உணவு' என்று எழுதித் தொங்கவிட்டார். ஒருவரும் வாங்கவில்லை. "என்னங்க இது, ஆட்டுப் புழுக்கை மாதிரி இருக்கு" என்றார் ஒருவர். "சனி பகவான் ஒத்துக்குவாரா?" என்று கேட்டார் இன்னொருவர். தின்னப் போவது சனி பகவானா, ஜாக்கியா? நான் வாசலில் பிரம்போடு உட்கார்ந்து காவல் காத்தேன். இலையோடு வருகிறவர்களிடம் கணையம் என்றால் என்னவென்று விளக்கினேன். பெரும்பாலும் திட்டிவிட்டுப் போனார்கள்.

அப்படி ஒரு சனிக்கிழமைதான் அந்த அம்மா வந்தார். நெரவியிலிருந்து பேருந்தில் வருகிறவர், மாதக்கணக்காக வந்துகொண்டிருந்தார் என்பதால் எனக்கு முகம் தெரியும். கக்கத்தில் எப்போதும் ஒரு பெரிய பழுப்புக் கவர் இருக்கும், ஆஸ்பத்திரியில் படம் எடுத்தால் போட்டுத் தருவார்களே, அது. மறு கையில் இலைப் பொட்டலம். நான் உள்ளே தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்து அவர் இலையைப் பிரித்துவிட்டார். ஓடி வந்து ஒரு தட்டு தட்டினேன். எள்ளுச் சாதம் சாக்கடையோரம் சிதறியது.

நல்லா வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று நின்றேன். அவர் குனிந்து வெறும் இலையை எடுத்து மடித்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

"அப்ப எதத்தான் திங்கும்? அதச் சொல்லு பாப்பா, அதக் கொண்டாரேன்."

இத்தனை மாதத்தில் அந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. நான் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தை அப்படியே ஒப்பித்தேன். வெள்ளைக்கரு என்றதும் அவர் லேசாகச் சிரித்தார்.

"எங்க பையனுக்கும் டாக்டரு தெனம் வெள்ளக்கருதான் குடுக்கச் சொல்லியிருக்காரு. கூட ஒண்ணு போட்டு அவிச்சாப் போச்சு."

பையனுக்கும் நாய்க்கும் ஒரே சாப்பாடா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த சனிக்கிழமை சின்ன எவர்சில்வர் டப்பாவில் உப்பில்லாத குழைந்த சோறும் பொடியாக நறுக்கிய வெள்ளைக்கருவும் வந்தன. எங்கள் வாசலில் வேண்டாம் என்று மாமா சொல்லிவிட்டதால், பக்கத்து லாட்ஜின் பின்சுவரோரம் ஜாக்கியை அழைத்துப் போவேன். அவர் ஒரு கையால் கவரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் டப்பாவைக் கவிழ்ப்பார். அவன் தின்று முடிக்கும் வரை பார்த்துக்கொண்டு நிற்பார். "பூராத் தின்னுட்டான்" என்பார், ஏதோ அவரே ஜெயித்த மாதிரி. மற்ற நாட்களில் பைச் சாப்பாடு, சனிக்கிழமை முட்டை. ஜாக்கிக்கு முதுகில் முடி முளைத்து மின்ன ஆரம்பித்தது. ஊரிலேயே அந்த ஒரு அம்மாவுக்குத்தான் புத்தி இருக்கிறது என்று வீட்டில் எல்லாரிடமும் சொன்னேன்.

அப்புறம் அவர் வரவில்லை. ஒரு சனிக்கிழமை போனது, இன்னொன்றும் போனது. ஜாக்கி பின்சுவரோரம் போய் உட்கார்ந்து நெரவிப் பேருந்து வரும்போதெல்லாம் காதை நிமிர்த்துவான். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பழக்கிவிட்டு இப்படியா நடுவில் விடுவது? ஆரம்பிக்காமலே இருந்திருக்கலாமே!

மூன்றாவது வாரம், அதுவும் ஒரு புதன்கிழமை, பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அவர் பின்சுவரோரம் நின்றார். கக்கத்தில் கவர் இல்லை. இரண்டு கையும் ஒழிந்திருந்ததால்தானோ என்னவோ, குனிந்து ஜாக்கியின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். அதுவரை அவர் அவனைத் தொட்டதே இல்லை.

"ரெண்டு சனிக்கெழம ஏன் வரல? அவன் பாட்டுக்குப் பாத்துக்கிட்டே இருந்தான்" என்றேன். புத்தகப் பையைக்கூட இறக்கவில்லை.

"வர முடியல பாப்பா. இனிமே சனிக்கெழம வர வேண்டிய வேலையும் இல்ல." டப்பாவைத் திறந்தார். முழுசு முழுசாக ஆறு முட்டை, அவித்து உரித்தது. "அட்டையோட வாங்குனது வீட்டுல மிச்சம் கெடந்துச்சு. சாப்புட ஆளு இல்ல. இவன் நெனப்பு வந்துச்சு."

மிச்சமா? எனக்குச் சுர்ரென்றது. எத்தனை நாள் முட்டையோ. பழசையெல்லாம் கொண்டுவந்து தள்ள எங்கள் ஜாக்கி என்ன குப்பைத் தொட்டியா? டாக்டரம்மா சொல்லியிருக்கிறார், எதையும் முகர்ந்து பார்க்காமல் வைக்கக் கூடாதென்று. ஒரு முட்டையை எடுத்து அவர் எதிரிலேயே இரண்டாகப் பிட்டு மூக்கில் வைத்தேன். பிறந்ததிலிருந்து முட்டையை முகர்ந்தறியாத எனக்கு எந்த முட்டையும் அப்படித்தான் இருந்திருக்கும்.

"நாறுது" என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. என் கையிலிருந்து ஒரு பாதியை வாங்கித் தன் வாயில் போட்டுக்கொண்டார். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று மென்றார். ஜாக்கி அவர் காலடியில் வாலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவர் மென்றுகொண்டே இருந்தார், விழுங்கவில்லை.

"நல்லாத்தான் இருக்கு பாப்பா. தைரியமா வையி" என்றார் கடைசியில், திரும்பாமலே.

அரை முட்டையைத் தின்ன ஒருத்தருக்கு இவ்வளவு நேரமா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. மீதி ஐந்திலும் மஞ்சள்கருவை எடுத்துவிட்டு, முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வைத்தேன்.