பதினேழாம் நம்பர் வில்லை

பேய், சகுனம், குறி கேட்பது எதிலும் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. மாங்கூழ் ஃபேக்டரியில் பழம் தரம் பிரிக்கிற வேலை, பத்தாவதோடு நின்றுபோன படிப்பு, நாலு பேர் முன்னால் பேசவே கூச்சம். அதனால்தான் இதைச் சொல்லாமல் எழுதுகிறேன். நீங்கள் சிரித்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை.

வீட்டில் நானும் மகளும்தான். சுகுணா திருப்பதியில் ஹாஸ்டலில் தங்கி எம்.எஸ்ஸி. ஸ்டாடிஸ்டிக்ஸ் படிக்கிறாள். போன வருஷம் ஊர் அம்மன் ஜாத்திரைக்கு முந்தின வாரம் ப்ராஜெக்ட்டுக்காக ஊருக்கு வந்தாள். வடமாலபேட்டைக்குப் பக்கத்தில் எங்கள் காலனி. அதில் சில வீடுகளில் மட்டும் தண்ணீர்ச் செலவைப் பற்றிக் கேட்க வேண்டும், எந்த வீடு என்று நாமாகத் தீர்மானிக்கக் கூடாது, குலுக்கித்தான் எடுக்க வேண்டுமாம். அதற்கு ஹவுஸி விளையாட்டில் குலுக்கி எடுக்கிற நம்பர் வில்லைகள் கொண்டுவந்திருந்தாள். கதவு நம்பர் ஒன்றுக்கு ஒரு வில்லை என்று காலையில் நான் வாசிக்க வாசிக்க அவள் பையில் போட்டாள். இருபத்துமூன்று எங்கள் வீடு.

"நம்ம வூடு வந்தா உன்னியே கேள்வி கேப்பேன். வெக்கப்படாம பதில் சொல்லணும்" என்று கிண்டல் செய்தபடி அதையும் போட்டாள்.

பையைக் குலுக்கி என்னையே எடுக்கச் சொன்னாள். வந்த வீடுகளை ஒவ்வொன்றாகக் கேட்டு முடித்தோம், கடைசியாக என் கைக்கு வந்தது பதினேழு. தையல்கார ரமணியக்கா வீடு. போய்ப் பார்த்தால் முன்கதவில் பூட்டு.

"அந்தம்மா ஓடிப்பூட்சி! என் ஜாக்கெட்டுத் துணியும் அதுகிட்ட மாட்டிக்கினு கீது" என்றாள் எதிர்வீட்டு லட்சுமி.

அதில் ஆச்சரியமில்லை. ஜாத்திரை சமயத்தில் தைக்க முடியாத அளவுக்குத் துணி வாங்கிப் போட்டுவிட்டு, கேட்டு வருகிறவர்களுக்குப் பயந்து பாகாலாவுக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போய்விடுவாள் ரமணியக்கா. இல்லையென்றால் முன்பக்கம் பூட்டிவிட்டுப் பின்பக்கமாக உள்ளே போய் உட்கார்ந்து தைப்பாள். ஊருக்கே தெரிந்த சங்கதி.

வீட்டுக்குத் திரும்பினோம். "பக்கத்து வூட்ல கேட்டுக்கயேன்" என்றேன்.

"கூடாதும்மா. கெடைக்கிற வூட்டையே கேட்டா கணக்கே பொய்யாப்பூடும். வேற எடு."

பதினேழை ஜன்னலில் வைத்துவிட்டுப் பையில் கைவிட்டேன். மறுபடியும் பதினேழு. ஜன்னலைப் பார்த்தேன். முதல் பதினேழு அங்கேயே இருந்தது.

"வில்லை செய்ற எடத்துலியே ரெண்டு போட்டுட்டானுங்க போலகீது" என்று சிரித்தாள் சுகுணா. காலையில் நான் வாசித்து அவள் போட்டபோது பதினேழு ஒன்றுதான் இருந்தது. வில்லை வேண்டாம், ஃபோனே ஒரு நம்பர் குலுக்கி எடுக்கட்டும் என்று எதையோ தட்டினாள், சிரிப்பு நின்றுபோனது, திரையை என் பக்கம் திருப்பினாள். பதினேழு.

"எல்லா நம்பருக்கும் ஒரே சான்ஸ்தாம்மா. வரக்கூடாதுன்னு இல்ல" என்றாள். தனக்கே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது.

கூப்பிடாமல் ஒருத்தர் வீட்டுப் பின்பக்கம் போகிறவள் இல்லை நான். அன்றைக்கு எப்படி நடந்தேன் என்று இன்னும் தெரியவில்லை. ரமணியக்கா வீட்டுப் பின்கதவு சும்மா சாத்தியிருந்தது. தள்ளினேன். மிஷின் பக்கத்தில் கீழே கிடந்தாள். ஒரு பக்கம் அசைவே இல்லை, கண் மட்டும் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. சுகுணா ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் உயிர் தங்கியிருக்காது என்று திருப்பதி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா தெலுங்கில் சொன்னார்.

ரமணியக்கா பிழைத்துக்கொண்டாள். பேச்சுதான் முழுசாகத் திரும்பவில்லை. ஆள் இருந்தும் பதில் கிடைக்காத வீடு என்று ப்ராஜெக்ட்டில் போட்டாளாம் சுகுணா.

நம்பினால் நம்புங்கள், மறுநாள் வில்லைகளை டப்பாவில் திரும்ப அடுக்கினோம். மொத்த எண்ணிக்கை சரியாக இருந்தது. ஆனால் பதினேழு இரண்டு. அப்படியென்றால் ஏதோ ஒன்று குறைய வேண்டுமே என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தோம். எங்கள் வீட்டு இருபத்துமூன்று இல்லை.

"எங்கியாவது உருண்டு பூட்டிருக்கும்" என்றாள் என் முகத்தைப் பார்க்காமல். வீட்டையே புரட்டிப் போட்டுத் தேடினோம், கிடைக்கவில்லை.

சான்ஸ்தாம்மா என்று சொன்ன அதே பெண் இப்போது ஹாஸ்டலிலிருந்து காலையிலும் சாயங்காலமும் ஃபோன் செய்கிறாள். "நல்லாகீறியா?" என்று கேட்பாள், என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுவாள். ஏன் என்று நானும் கேட்பதில்லை.

தனியாக இருக்கும்போது பின்கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதை விட்டுவிட்டேன்.